கெந்திங் மலையும் லிம் கோ தோங்கும்: எல்லாரும் கேக்கற கேள்விகள்

கேஎல்ல, அதாவது கோலாலம்பூர்ல குடியிருக்கறதால ஊர்லேர்ந்து யார் வந்தாலும் பத்துமலை பாத்து முடிச்ச கையோட கேசினோ இருக்கற கெந்திங் மலைக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுவாங்க. கார் மலை ஏற ஆரம்பிச்ச உடனே கேள்வியும் ஆரம்பிச்சிடும், யார் இதைக் கட்டினது, எப்படி லைசென்ஸ் வாங்கினான், நாமளும் கொஞ்சம் ஆடிப் பாக்கலாமான்னு. இங்கயே பொறந்து வளந்த பசங்களுக்கும் பாதி விஷயம் தெரியல, வாட்ஸ்அப்ல வந்த கதையை நம்பிட்டு இருக்காங்க. அதனால எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வைக்கிறேன், கேள்விங்களை அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன்.

யாருங்க இந்த லிம் கோ தோங்?

சீனாவுல ஃபூஜியான் மாநிலத்துல ஆன்ஸின்னு ஒரு மலைப்பாங்கான ஊரு, அங்க 1918ல பொறந்தவர். 1937ல, 19 வயசுல கப்பல் ஏறி மலாயாவுக்கு வந்தாரு. தச்சு வேலை, காண்ட்ராக்ட், பழைய மெஷின் வியாபாரம், இரும்புச் சுரங்கம்னு ஒவ்வொண்ணா ஏறி வந்து கடைசியில கெந்திங் மலை மேல ஹோட்டலும் கேசினோவும் கட்டினாரு. மலேசியாவுல சட்டப்படி நடக்கற ஒரே கேசினோ அதுதான். 2007 அக்டோபர் 23ல, 89 வயசுல இறந்தாரு. மலையடிவாரத்துல கோ தோங் ஜெயான்னு ஒரு சின்ன டவுன் வழியாத்தான் மேல போவோம், அது இவர் பேருதான்.

சூதாடி ஜெயிச்ச காசுலதானே இவ்வளவையும் கட்டினாரு?

இல்லவே இல்ல. இந்தக் கதைதான் அதிகமா சுத்துது, அதனாலதான் இதை எழுதவே உக்காந்தேன். சூதாட்ட மேஜையில ஜெயிச்சு மலையை வாங்கினாருன்னு ஒருத்தர் எங்கிட்ட அடிச்சு சொன்னாரு, அதை நம்பித்தான் அவரும் மாசா மாசம் மேல போறாரு.

மலையில கல்லு வைக்கறதுக்கு முன்னாடியே லிம் பெரிய காண்ட்ராக்டர். கியென் ஹுவாட்ங்கறது அவரோட குடும்பக் கம்பெனி, பினாங்குல ஆயர் ஈத்தாம் அணைக்கட்டு, கிளந்தான்ல வயலுக்குத் தண்ணி இறைக்கிற கெமுபு பாசனத் திட்டம், கேமரன் மலையில நீர்மின் திட்ட வேலை எல்லாம் அவங்க எடுத்துச் செஞ்சதுதான். அந்த வேலைங்கள்ல வந்த காசுதான் மலைக்குப் போச்சு. கேசினோ வந்தது அதுக்கு அப்புறம்.

கையில காலணா இல்லாம வந்தவர்னு சொல்றாங்களே, நெஜமா?

வசதி இல்லாத வீடுதான். அப்பா காய்கறி விதை வியாபாரம், அவர் இறந்தப்ப லிம்முக்கு 16 வயசு, பள்ளிக்கூடத்தை விட்டுட்டு தானும் விதை விக்கப் போயிட்டாரு. சீனப் பள்ளிக்கூடத்துல படிச்சது அவ்வளவுதான். அவர் கெளம்பின 1937லதான் ஜப்பானும் சீனாவும் பெரிய அளவுல சண்டை போட ஆரம்பிச்சாங்க, ஊர்ல இருந்தா எதிர்காலம் இல்லன்னு அப்ப நிறைய இளவட்டம் தெற்கே கப்பல் ஏறிச்சு.

ஆனா யாருமே இல்லாத எடத்துக்கு வந்து எறங்கலங்க. கோலாலம்பூர்ல அவரோட உறவுக்காரர் ஒருத்தர் கட்டட காண்ட்ராக்டரா இருந்தாரு, அவர்கிட்டத்தான் தச்சு வேலைக்கு சேந்தாரு. ரெண்டு வருஷத்துல வேலையைக் கத்துக்கிட்டு தனியா சின்ன காண்ட்ராக்ட் எடுக்க ஆரம்பிச்சுட்டாரு, மலாய் பேசவும் பழகிக்கிட்டாரு. இந்த உறவுக்காரர் விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, கீழ நம்ம ஆளுங்களைப் பத்தி ஒரு கேள்வி வருது, அங்க தேவைப்படும்.

ஜப்பான்காரன் காலத்துல என்ன பண்ணாரு?

1941 டிசம்பர்ல ஜப்பான் உள்ள வந்ததும் கட்டட வேலை எல்லாம் நின்னு போச்சு. காய்கறி பயிர் பண்ணாரு, அப்புறம் சில்லறை வியாபாரம், பழைய இரும்பு சாமான்னு கிடைச்சதைச் செஞ்சு பொழைச்சாரு. சீனவங்களை ஜப்பான் படை தேடித் தேடிக் கொன்ன காலம் அது, நம்ம ஆளுங்களை சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டு போய் சாகடிச்சதும் அதே காலம்தான். அந்தத் தலைமுறையில பொழைச்சு வந்தவங்க யாரா இருந்தாலும் எனக்கு மரியாதை உண்டு.

பழைய மெஷின் வித்தா அவ்வளவு காசு வருமா?

போர் முடிஞ்ச நேரத்தை யோசிச்சுப் பாருங்க. ஈயச் சுரங்கம், ரப்பர் தோட்டம், ரோடு எல்லாம் பாழாக் கிடக்கு, திரும்ப ஆரம்பிக்க எல்லாருக்கும் மெஷின் வேணும், புதுசு கப்பல்ல வர மாசக்கணக்காகும். பழைய புல்டோசர், பம்பு இதையெல்லாம் வாங்கி சரி பண்ணி வித்தவன் கையில காசு புரண்டுச்சு. லிம் அப்படித்தான் கனரக மெஷின் வியாபாரி ஆனாரு, அதுலேர்ந்து இரும்புச் சுரங்கத்துக்குள்ள போனாரு.

இதுல காசை விடப் பெரிய லாபம் ஒண்ணு இருக்கு. எந்த மெஷின் எவ்வளவு மண்ணைத் தள்ளும், எது எப்ப ரிப்பேர் ஆகும், வாடகைக்கு எடுக்கறதா சொந்தமா வாங்கறதான்னு அவருக்கு அத்துப்படி. மலை மேல ரோடு போடலாம்னு தைரியம் வந்ததே அதனாலதான்னு நான் நினைக்கிறேன்.

மலை மேல ஹோட்டல் கட்டணும்னு எப்படித் தோணுச்சு?

1963 வாக்குல கேமரன் மலையில நீர்மின் திட்ட வேலையா இருந்தாரு. சாயங்காலம் ஜில்லுனு காத்து, கீழேர்ந்து ஜனங்க அந்தக் குளிருக்காகவே அவ்வளவு தூரம் ஏறி வர்றாங்க. கேஎல்லேர்ந்து கேமரன் அப்ப ரொம்ப தூரம். தலைநகருக்குப் பக்கத்துலயே இப்படி ஒரு மலை இருந்தா எப்படி இருக்கும்னு தோணி வரைபடத்தை எடுத்துத் தேடினாரு. இப்ப கெந்திங் இருக்கற குனோங் உலு காலி மலை கண்ணுல பட்டுச்சு, கேஎல்லேர்ந்து 58 கிலோமீட்டர், உயரம் சுமார் 1,800 மீட்டர், அதாவது ஏற்காட்டை விட உசரம், கொடைக்கானலை விடக் கம்மி. ஆனா அப்ப அது அடர்ந்த காடு, பாதையே கிடையாது.

1965ல முகமது நோவா ஓமார்ங்கறவரோட சேந்து கெந்திங் கம்பெனியை ஆரம்பிச்சாரு. மலை பகாங், சிலாங்கூர் ரெண்டு மாநில எல்லையில இருக்கு, அதனால ரெண்டு பக்கமும் நிலம் கேக்கணும். பகாங்ல 12,000 ஏக்கர், சிலாங்கூர்ல 2,800 ஏக்கர் கிடைச்சது. அப்ப கேசினோ பேச்சே கிடையாது, குளிர் காத்துக்கு ஜனம் வரும்ங்கற ஒரே நம்பிக்கைதான்.

ரோடு ரோடுன்னு சொல்றீங்களே, ரோடு யார் வேணா போடலாமே?

மலை ரோடை அரசாங்கம்தான் போடும், தனி ஆள் போட மாட்டான். வெள்ளைக்காரன் காலத்து மலை வாசஸ்தலம் எதை வேணா எடுத்துக்கோங்க, ரோடும் தண்ணியும் சர்க்கார் காசுல வந்துச்சு, அப்புறம்தான் ஹோட்டல்காரன் வந்தான். இங்க 1965 ஆகஸ்ட்ல கீழ இருக்கற கெந்திங் செம்பாங்கற எடத்துலேர்ந்து காட்டை வெட்ட ஆரம்பிச்சாங்க, உச்சிக்குப் போய் சேர நாலு வருஷம் பக்கமா ஆச்சு. மழை பெஞ்சா மண்ணு சரியும், வெட்டினதைத் திரும்ப வெட்டணும். ரோடு முடிஞ்சாலும் மேல தண்ணி இல்ல, கரண்ட் இல்ல, கழிவுநீர் போக வழி இல்ல, எல்லாத்தையும் தானே செஞ்சுக்கணும். அந்த நாலு வருஷமும் ஒரு காசு வருமானம் கிடையாது, காண்ட்ராக்ட்ல சம்பாதிச்சதை எல்லாம் அந்த மலைதான் சாப்பிட்டுச்சு. சுத்தி இருந்தவங்க இந்த ஆளுக்குப் பைத்தியம்னே நினைச்சாங்க.

இந்த ஆள் வாழ்க்கையில சூதாட்டம்னு ஒண்ணு உண்டுன்னா அது இந்த நாலு வருஷம்தான். கேசினோவுல நடக்கறது வேற, அதைக் கீழ சொல்றேன்.

சொந்தமா ஓட்டிட்டுப் போறவங்களுக்கு ஒரு வார்த்தை: எறங்கும்போது பிரேக்கையே மிதிச்சுட்டு வராதீங்க, லோ கியர்ல வாங்க. 2013 ஆகஸ்ட்ல அந்த இறக்கத்துல ஒரு பஸ் பள்ளத்துல விழுந்து 37 பேர் செத்துப் போனாங்க.

முஸ்லிம் பெரும்பான்மை நாட்டுல கேசினோ லைசென்ஸ் எப்படிக் கிடைச்சுது?

1969 மார்ச் 31ல பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் மேல வந்து ஹோட்டலுக்கு அடிக்கல் நாட்டினாரு. அரசாங்கத்துக்கிட்ட காசு வாங்காம தனி ஆள் ஒருத்தர் காட்டுல இவ்வளவு தூரம் ரோடு போட்டு வந்திருக்காரேன்னு அவருக்கு ஆச்சரியம். இந்த மாதிரி ஒதுக்குப்புறமான எடம் ஹோட்டலை மட்டும் நம்பி நிக்காது, வேற வருமானம் வேணும்னு அவர்தான் சூதாட்ட லைசென்ஸ் பேச்சை எடுத்ததா சொல்றாங்க, அதே வருஷம் லைசென்ஸ் கிடைச்சுது. அடிக்கல் நாட்டி ஆறு வாரத்துல மே 13ல மலாய்-சீனர் கலவரம் வேற, நாடே பத்தி எரிஞ்ச வருஷம் அது. முதல் ஹோட்டல் 200 ரூமோட 1971ல திறந்துச்சு.

அரசாங்கத்தோட கணக்கும் புரியற மாதிரிதான் இருக்கு. ஜனங்க எப்படியும் சூதாடுவாங்க, கள்ளத்தனமா சந்துபொந்துல நடக்கறதை விட ஊருக்கு வெளிய, மலை மேல, ஒரே ஒரு எடத்துல வெச்சா கண்காணிக்கலாம், வரியும் வரும். முஸ்லிம்களுக்கு அனுமதி கிடையாதுங்கறது நிபந்தனை.

மழுப்பாம சொல்லுங்க, அரசியல் செல்வாக்குதானே?

செல்வாக்கு இருந்துச்சு, அதை மறைக்க ஒண்ணும் இல்ல. மேல சொன்ன கூட்டாளி முகமது நோவா, நாடாளுமன்ற மக்களவையோட முதல் சபாநாயகர். அவரோட ஒரு மருமகன் துன் அப்துல் ரசாக், இன்னொரு மருமகன் ஹுசேன் ஓன், ரெண்டு பேரும் அடுத்தடுத்து பிரதமர் ஆனவங்க. இதை விடப் பெரிய எடம் மலேசியாவுல எங்க இருக்கு? நிலம் சீக்கிரம் கிடைச்சதுலயும் கதவு திறந்ததுலயும் அந்த உறவுக்குப் பங்கு இல்லன்னு யாராவது சொன்னா நான் நம்ப மாட்டேன்.

ஆனா வரிசையைப் பாருங்க. செல்வாக்கை மட்டும் நம்பினவனா இருந்தா முதல்ல லைசென்ஸை வாங்கி வெச்சுட்டு அப்புறம் பேங்க்ல கடன் கேட்டிருப்பான். இவர் நாலு வருஷம் சொந்தக் காசைக் கொட்டி ரோடை முடிக்கிற கட்டத்துக்கு வந்தப்புறம்தான் லைசென்ஸ் வந்துச்சு. ரெண்டும் உண்மை, ஒண்ணை மட்டும் சொல்றவங்க கதையைப் பாதியில நிறுத்தறாங்க.

நாங்க உள்ள போகலாமா? பாஸ்போர்ட் வேணுமா?

21 வயசு ஆகியிருக்கணும், கையில அடையாள அட்டையோ பாஸ்போர்ட்டோ இருக்கட்டும். மலேசிய முஸ்லிம்கள் போகக் கூடாது, அதுல நம்ம தமிழ் முஸ்லிம்களும் அடக்கம், வாசல்லயே எழுதிப் போட்டிருக்கு, மீறினா ஷரியா சட்டப்படி வழக்கு. சிங்கப்பூர்ல உள்ளூர் ஆளுங்க கேசினோவுக்குள்ள கால் வைக்கவே ஒரு நாளைக்கு 150 டாலர் கட்டணும், 2019 வரைக்கும் அது 100ஆ இருந்துச்சு. கெந்திங்ல அந்தக் கட்டணம் இல்ல, அதனாலதான் கேஎல்லேர்ந்து சாயங்காலம் ஏறி காலையில எறங்கறது அவ்வளவு சுலபமா ஆயிடுச்சு. சுலபமா இருக்கறது நல்லதில்லன்னு என் அபிப்பிராயம்.

ரூமும் சாப்பாடும் சில நாள் அவ்வளவு மலிவா எப்படிக் குடுக்கறாங்க?

ஃபர்ஸ்ட் வேர்ல்ட் ஹோட்டல்ல 7,351 ரூம் இருக்கு, உலகத்துலயே அதிக ரூம் உள்ள ஹோட்டல்னு 2015ல கின்னஸ்காரங்க பதிவு பண்ணாங்க. அத்தனை ரூமை வார நாள்ல காலியா வெச்சிருக்கறதை விட மலிவா குடுத்து ஆளை மேல கொண்டு வந்துட்டா போதும், மிச்சத்தை கேசினோவும் ரெஸ்டாரண்டும் தீம் பார்க்கும் பாத்துக்கும். மெம்பர் கார்டுல ஆட ஆட பாயிண்ட் ஏறும், அந்தப் பாயிண்ட்டை ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் கழிச்சுக்கலாம். ஓசி சாப்பாடு கிடைச்சுதுன்னு சந்தோஷமா வர்றவர் அதுக்காக எவ்வளவு ஆடினாருன்னு கணக்குப் போட்டா அந்தச் சாப்பாட்டோட உண்மையான விலை தெரியும்.

இன்னொரு பக்கமும் இருக்கு. கேசினோ பக்கமே போகாத குடும்பங்க லட்சக்கணக்குல வருது, மலாய் குடும்பங்க ஹலால் ரெஸ்டாரண்ட், குளிரு, பசங்களுக்கு ராட்டினம்னு வந்துட்டுப் போறாங்க. பழைய வெளிப்புற தீம் பார்க்கை 2013ல மூடி, ஹாலிவுட் கம்பெனியோட ஒப்பந்தம், அப்புறம் வழக்கு, சமரசம்னு இழுத்து 2022 பிப்ரவரியில ஸ்கைவேர்ல்ட்ஸ்ங்கற பேர்ல திறந்தாங்க.

கேசினோ ஏன் தோக்கவே மாட்டேங்குது? ஏதாவது தில்லுமுல்லு பண்றாங்களா?

தில்லுமுல்லு தேவையே இல்ல, கணக்கே அவங்க பக்கம். ஒரு சைபர் வெச்ச ரூலெட்டை எடுத்துக்கோங்க, சக்கரத்துல 37 எடம். நீங்க 37 நம்பர்லயும் ஒவ்வொரு வெள்ளி (மலேசிய ரிங்கிட்) வெச்சா மொத்தம் 37 வெள்ளி போட்டிருக்கீங்க. எது விழுந்தாலும் உங்களுக்கு 35 வெள்ளியும் நீங்க வெச்ச 1 வெள்ளியும் சேத்து 36தான் திரும்ப வரும். ஒரு வெள்ளி போச்சு. அதுதான் 2.7 சதவீதம். ரெண்டு சைபர் வெச்ச சக்கரம்னா 5.26 சதவீதம். பக்காராங்கற சீட்டாட்டத்துல பேங்கர் பக்கம் வெச்சா 1.06 சதவீதம்தான், பாக்க சின்னதா இருக்கும், ஆனா ஒரு ராத்திரியில அதே காசைத் திரும்பத் திரும்ப நூறு தடவை வெக்கிறப்ப அந்தச் சின்ன சதவீதம் ஒவ்வொரு தடவையும் கடிக்கும்.

நேத்து ஒருத்தர் 20,000 வெள்ளி ஜெயிச்சாருன்னு கேள்விப்படுவீங்க, அது உண்மையாவே இருக்கலாம். தோத்தவங்க வீட்ல வந்து சொல்ல மாட்டாங்க, அவ்வளவுதான் வித்தியாசம். ஆயிரம் பேர் ஆடற எடத்துல யார் ஜெயிக்கறாங்கன்னு கேசினோவுக்குக் கவலையே இல்ல, எவ்வளவு நேரம் ஆடறீங்கங்கறதுதான் அவங்களுக்கு முக்கியம். முன்னாடி ரூம், சாப்பாடு, பாயிண்ட்டுன்னு சொன்னது எல்லாம் அந்த நேரத்தை நீட்டிக்கத்தான்.

கேசினோ பக்கத்துலயே கோயில் கட்டினது பாவத்தைக் கழுவவா?

சின் சுவீ குகைக் கோயிலைத்தான் கேக்கறீங்க. சின் சுவீ ஆன்ஸி பக்கத்து ஜனங்க கும்பிடற சாமி, சோங் ராஜவம்ச காலத்துல வாழ்ந்த பௌத்தத் துறவி, மழை பெய்ய வெச்சவர்னு நம்பிக்கை. நம்ம ஆளுங்க தோட்டத்துக்குத் தோட்டம் மாரியம்மன் கோயில் கட்டினாங்களே, அதே மாதிரி இவரும் சொந்த ஊர் சாமியைக் கொண்டு வந்திருக்காரு. செங்குத்தான பாறைச் சரிவு, 1970கள் நடுவுல ஆரம்பிச்ச வேலை 1994லதான் முடிஞ்சுது. கீழ கோ தோங் ஜெயாவுல கூட்டாளி நோவா பேர்ல ஒரு மசூதியும் இருக்கு. மனசுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு நாம சொல்ல முடியாது, ஆனா கேசினோ பாக்க வர்ற ஆளுங்க அந்தக் கோயிலையும் பாத்துட்டுப் போங்க, அங்கேர்ந்து தெரியற பள்ளத்தாக்கு ரொம்ப அழகு.

மலேசியாவுக்கு வெளிய ஏதாவது செஞ்சாங்களா?

நிறைய. அதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது அமெரிக்காவுல நடந்தது. கனெக்டிகட் மாநிலத்துல மஷான்டக்கெட் பீக்வாட்னு ஒரு சின்ன பூர்வகுடி இனம், தங்க நிலத்துல கேசினோ கட்டணும்னு கடன் கேட்டு அலைஞ்சாங்க, அமெரிக்க பேங்குங்க கையை விரிச்சிடுச்சு. காசு குடுத்தது லிம் குடும்பம். ஃபாக்ஸ்வுட்ஸ்ங்கற அந்த கேசினோ 1992ல திறந்து, கொஞ்ச காலத்துலயே உலகத்தோட பெரிய கேசினோக்கள்ல ஒண்ணா வளந்துச்சு. இவர் மலையில ரோடு போட்டப்ப யாரும் நம்பல, அதே மாதிரி யாரும் நம்பாத ஒரு ஜனத்தை இவர் நம்பினாரு, வட்டிக்குத்தான், தர்மத்துக்கு இல்ல, ஆனாலும் நம்பினாரு.

1993ல ஸ்டார் குரூசஸ் கப்பல், 2006ல பிரிட்டன்ல ஸ்டான்லி கேசினோக்கள், அதே வருஷம் டிசம்பர்ல சிங்கப்பூர் செந்தோசா தீவுல கேசினோ லைசென்ஸ். செந்தோசா 2010ல திறந்துச்சு, அதைப் பாக்க அவர் இல்ல.

தோட்டத் தொழில்லயும் இருக்காங்களாமே?

ஆமா, 1980லேர்ந்து. ஏசியாட்டிக் டெவலப்மெண்ட்னு இருந்த கம்பெனிதான் 2009ல கெந்திங் பிளான்டேஷன்ஸ் ஆச்சு, செம்பனைத் தோட்டம்தான் முக்கியம்.

அவரும் கூலியாத்தான் வந்தாரு, நம்ம ஆளுங்களும் கூலியாத்தான் வந்தாங்க, நாம ஏன் அப்படி வரல?

இந்தக் கேள்வியை நம்ம ஆளுங்களே நம்ம ஆளுங்களைக் கொறை சொல்றதுக்காகக் கேக்கறப்ப எனக்கு மனசு வலிக்கும். கங்காணி கூட்டிட்டு வந்த தமிழன் எறங்கின எடம் தோட்டம். வீடு லயம், கடை தோட்டத்துக் கடை, பள்ளிக்கூடம் தோட்டத்துப் பள்ளிக்கூடம், சம்பளம் தொரை குடுக்கறது. வெளிய டவுன்ல தொழில் கத்துக் குடுக்க காண்ட்ராக்டர் மாமா யாரும் இல்ல. மேல உறவுக்காரர் விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கச் சொன்னது இதுக்குத்தான். லிம் வந்து எறங்கினது டவுன்ல, கையில தொழில், பேசற மொழியில கடன் குடுக்க ஆள், சாமான் குடுக்க ஆள். 1937ல அவர் வந்தாரு, 1938ல தோட்டத் தொழிலாளிங்களை இங்க அனுப்பறதையே இந்திய அரசாங்கம் நிறுத்திடுச்சு, கொடுமையும் கூலிக் குறைப்பும் அந்த அளவுக்குப் போயிருந்துச்சு.

அப்புறம் லிம் மலையில நிலம் கேட்டு எழுதறதுக்குச் சில வருஷம் முன்னாடிலேர்ந்தே வெள்ளைக்காரன் தோட்டங்களைத் துண்டு போட்டு வித்துட்டுப் போனான், லயத்துல இருந்தவங்க தெருவுக்கு வந்தாங்க. அதைத் தடுக்கத்தான் மலேசிய இந்தியர்களோட தலைவர் துன் சம்பந்தன் 1960ல தோட்டத் தொழிலாளிங்ககிட்ட காசு சேத்து தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பிச்சாரு, அவங்களே தோட்டம் வாங்கினாங்க. சம்பளமே கொஞ்சமா இருந்த ஜனம் சேந்து தோட்டம் வாங்கினது எந்த மலை ரோட்டுக்கும் கொறைஞ்ச சாதனை இல்லங்க.

நம்ம ஆளுங்க யாருமே இந்தத் தொழில்ல இல்லையா?

ஆனந்த கிருஷ்ணன் இருந்தாரே. இலங்கைத் தமிழ்க் குடும்பம், 1938ல கேஎல் பிரிக்பீல்ட்ஸ்ல பொறந்தவர், 2024 நவம்பர்ல காலமானாரு. போன் கம்பெனி மேக்ஸிஸ், டிவி கம்பெனி ஆஸ்ட்ரோன்னா எல்லாருக்கும் தெரியும், ஆனா அவரோட தஞ்சோங் கம்பெனி கையில பான் மலேசியன் பூல்ஸும் இருந்துச்சு, நாலு நம்பர் லாட்டரி எடுக்கறோமே, அதுல ஒரு கம்பெனி. அங்கயும் முன்னாடி சொன்ன கணக்குதான், நம்பர் எடுக்கறவங்க வரிசையில நின்னாங்க, கம்பெனி வெச்சிருந்தவர் நிக்கல.

இப்ப யார் நடத்தறாங்க?

2003 கடைசியில லிம் பொறுப்பை மகன் லிம் கோக் தாய்கிட்ட குடுத்துட்டு விலகினாரு, அப்ப அவருக்கு 85 வயசு. லாஸ் வேகாஸ்ல 2021ல திறந்த ஹோட்டல் எல்லாம் மகன் காலத்துல வந்தது. கோவிட்ல 2020 மார்ச்லேர்ந்து ஜூன் வரைக்கும் மலையையே மூடி வெச்சாங்க, அந்த மலை அவ்வளவு அமைதியா இருந்தது அதுக்கு முன்னாடி யாருக்கும் தெரியாது.

இவ்வளவு குடும்பம் கெட்டுப் போகுதே, அரசாங்கம் மூடிடலாம்ல?

வரியைப் பாருங்க புரியும். 2019 பட்ஜெட்ல வருஷ லைசென்ஸ் கட்டணம் 12 கோடி வெள்ளியிலேர்ந்து 15 கோடியாச்சு, கேசினோ வரி வசூல்ல 35 சதவீதம் வரைக்கும் ஏறுச்சு. வேலை பாக்கறவங்க ஆயிரக்கணக்குல. பாஸ்ங்கற இஸ்லாமியக் கட்சி ரொம்ப காலமா சூதாட்டத்தை எதிர்க்குது, அவங்க ஆளற மாநிலங்கள்ல நம்பர் கடைங்களை மூடியும் இருக்காங்க, மலையை மட்டும் இது வரைக்கும் யாரும் தொடல.

என் மனசுல பட்டதைச் சொல்றேன். மூடினா கள்ள ஆன்லைன் சூதாட்டம்தான் வளரும், அது இப்பவே போன்ல வந்து நிக்குது. ஆனா சிங்கப்பூர் மாதிரி நுழைவுக் கட்டணமும், குடும்பத்துல ஒருத்தர் மனு குடுத்து தடை வாங்கற முறையும் இங்கயும் வரணும். அங்க மனைவியோ பிள்ளையோ போய் மனு குடுத்தா விசாரிச்சு அந்த ஆளை உள்ள விடாம பண்ண முடியும். நம்ம வீட்டுப் பொம்பளைங்களுக்கு அந்த மாதிரி ஒரு கதவு இங்க வேணும்னு நான் எத்தனையோ பேர்கிட்ட சொல்லிட்டேன்.

அப்ப இந்த ஆளை மதிக்கணுமா, வேண்டாமா?

ரோடு போட்டவரை மதிக்கிறேன். 19 வயசுல வந்து, பாஷை தெரியாத ஊர்ல தொழில் கத்து, 47 வயசுல சம்பாதிச்சதை எல்லாம் காட்டுல கொட்டின துணிச்சலை என் பிள்ளைங்களுக்கு நான் சொல்லுவேன். அவர் மேஜையில சம்பளத்தை வெச்சுத் தோத்துட்டு வந்த அப்பாவோட பிள்ளைக்கு அவர் மேல கோவம் இருந்தா அந்தக் கோவமும் நியாயம்தான், நான் போய் சமாதானம் சொல்ல மாட்டேன்.

எங்க வீட்ல ஒருத்தர் அடிக்கடி மேல போறாரு, கடனும் வாங்கிட்டாரு. என்ன பண்ணலாம்?

முதல்ல ஆலோங் கடனான்னு தெரிஞ்சுக்கோங்க. ஆலோங்னா லைசென்ஸ் இல்லாம வட்டிக்கு விடறவங்க, வீட்டு கேட்ல சிவப்புப் பெயிண்ட் ஊத்தறது அவங்கதான். மெரட்டினா போலீஸ் ரிப்போர்ட் குடுங்க, வெக்கப்பட்டு மறைக்காதீங்க, ஒரு ஆலோங் கடனை அடைக்க இன்னொரு ஆலோங்கிட்ட மட்டும் போகாதீங்க. பேங்க் கடன், கிரெடிட் கார்டுன்னா ஏகேபிகேன்னு ஒரு அமைப்பு இருக்கு, நாட்டோட மத்திய வங்கியான நெகாரா பேங்க் 2006ல ஆரம்பிச்சது, கடனைத் திருப்பிக் கட்ட திட்டம் போட்டுக் குடுப்பாங்க, காசு வாங்க மாட்டாங்க.

அவர் கடனை நீங்க முழுசா அடைச்சுக் கையில சுத்தமா விட்டீங்கன்னா பெரும்பாலும் திரும்ப மேலதான் போவாரு, இதைக் கண்ணால பாத்திருக்கேன். சம்பளம் வர்ற அக்கவுண்ட், ஏடிஎம் கார்டு, இபிஎஃப் காசு இதுக்கெல்லாம் அவர் சம்மதத்தோட வீட்ல வேற ஒருத்தர் பொறுப்பு எடுத்துக்கோங்க. அவரே நிறுத்தணும்னு நினைக்கிற நாள் வந்தா கேசினோவுலயே தன்னை உள்ள விடாதீங்கன்னு எழுதிக் குடுக்கற வழி இருக்கு, அன்னிக்கே கூடப் போய் எழுதிக் குடுத்துட்டு வாங்க, அடுத்த வாரம் பாக்கலாம்னு தள்ளிப் போடாதீங்க. உயிரை விடற மாதிரி பேசினாருன்னா தனியா விடாதீங்க, மனசு ஒடைஞ்சவங்க பேச்சைக் கேக்கற பிஃப்ரெண்டர்ஸ் (Befrienders) அமைப்புக்கு எந்த நேரத்துலயும் போன் பண்ணலாம்.